நந்தன் எரிந்தான், கிந்தன் ரயிலேறினான்

1990களின் நடுவில் எங்கள் ஊர்க் காலனியில் இரவுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தோம். அம்பேத்கர் பிறந்த நாளுக்குப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போடலாம் என்று முடிவாயிற்று. நந்தன் கதையை எடுத்துக்கொண்டோம். கடைசிக் காட்சியில் நந்தன் தீயில் இறங்க வேண்டும். ரெண்டு சிவப்புச் சேலையை ஆளுக்கொரு முனை பிடித்து ஆட்டினால் அதுதான் தீ. நந்தனாக நடித்த பையன் கைகூப்பிக்கொண்டு சேலையைப் பார்த்து நடந்தான். முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்துவிட்டாள்.

“டேய், அவன் இன்னாத்துக்குடா நெருப்புல பூரணும்? சாமி பாக்கணும்னா நேரா போயிப் பாக்க வேண்டியதுதான? கூட்டியாங்கடா புள்ளைய வூட்டுக்கு!”

கூட்டம் சிரித்தது. பையனும் சிரித்தான். சேலை பிடித்தவர்களும் சிரித்தார்கள். நாடகம் அங்கேயே நின்றுபோனது. நான் எழுதிவைத்திருந்த முடிவு வசனத்தை யாரும் பேசவில்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ரெண்டு மாசம் ஒத்திகை பார்த்த நாடகம். சோகமாக முடியும், சனங்கள் கண்ணீர் விடுவார்கள், அந்தக் கண்ணீர் கோபமாக மாறும் என்று கணக்குப் போட்டிருந்தோம். கிழவி அதைக் கேலிக்கூத்தாக்கிவிட்டாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து யோசிக்கும்போது, அந்த ராத்திரியில் எங்கள் நாடகத்தைப் பற்றிச் சரியான விமர்சனம் சொன்னவள் அவள் ஒருத்திதான் என்று படுகிறது. யார் சாக வேண்டும், யாருக்காக அழ வேண்டும், யாரைப் பார்த்து யார் சிரிக்க வேண்டும் என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? இன்பியல், துன்பியல் என்று நாம் வகுப்பறையில் படித்த பாகுபாட்டின் அடியில் கிடக்கிற கேள்வி இதுதான்.

*

நாடக இலக்கணம் என்றால் கல்லூரியில் முதல் பாடம் அரிஸ்டாட்டில். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவர் எழுதிய கவிதையியலில் இந்த இரண்டுக்கும் நடுவே போடுகிற கோடு ரொம்ப எளிமையானது. நம்மைவிட மேலான மனிதர்களைக் காட்டுவது துன்பியல். கீழானவர்களைக் காட்டுவது இன்பியல். துன்பியல் நாயகன் ஈடிபஸ் மாதிரி பேரும் செல்வமும் உள்ளவனாக இருக்க வேண்டும். ஏதோ ஒரு பிழையால் அவன் விழ வேண்டும். விழுவதற்கு உயரம் வேண்டுமல்லவா? ஏற்கெனவே தரையில் கிடப்பவன் எங்கிருந்து விழுவான்? பாத்திரப் படைப்பைப் பேசும் இடத்தில், பெண்ணும்கூட நல்லவளாக இருக்கலாம், அடிமையும்கூட நல்லவனாக இருக்கலாம் என்று இடம் கொடுக்கிறார். கொடுத்த கையோடு, பெண் தாழ்ந்தவள், அடிமை ஒன்றுக்கும் உதவாதவன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்.

சிரிப்பைப் பற்றி இன்னொன்று சொல்கிறார். சிரிப்புக்குரியது அவலட்சணத்தின் ஒரு வகை. ஆனால் அதில் வலி கிடையாது, கேடு கிடையாது. இன்பியல் முகமூடியை உதாரணம் காட்டுகிறார். கோணலாக இருக்கும், வலி இருக்காது. யாருக்கு வலி இருக்காது? முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்கு இருக்காது. சொந்த முகமே முகமூடியாகப் பார்க்கப்படுகிறவனுக்கு?

எனக்கு அந்த வலி தெரியும். நான் படித்த கல்லூரியில் – பேர் வேண்டாம் – ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு வெட்டியான் வேஷம் கொடுத்தார்கள். வசனத்தில் நகைச்சுவை ஒன்றும் கிடையாது. பிணம் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். அரங்கமே சிரித்தது. இயக்கிய ஆசிரியர் தோளில் தட்டி, “ஒனக்குக் காமெடி நல்லா வருதுப்பா” என்றார். நான் காமெடி எதுவும் செய்யவில்லை. என் பேச்சும் என் நிறமும் நான் நின்ற நிற்பும் அவர்களுக்குக் காமெடியாக இருந்தது. அந்த வருஷம் சிறந்த நகைச்சுவை நடிகர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

நம்முடைய தொல்காப்பியம் என்ன சொல்கிறது? மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் ஒன்று எள்ளல். அழுகைக்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று இளிவு, இன்னொன்று வறுமை. எள்ளலையும் இளிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடந்தது ஒரே சம்பவம்தான். எள்ளியவன் பக்கம் அது நகை, இளிவுபட்டவன் பக்கம் அழுகை. என் கல்லூரி மேடையில் இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடந்தன.

பேராசிரியர் உரை எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறது. பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது சிரிப்பு நம் சனங்களுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. பண்ணையார் வாசலில் ஏச்சு வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டி நின்ற தாத்தாவின் சிரிப்பு அது. அதே தாத்தா ராத்திரியில் தெருவிளக்கடியில் பண்ணையார் மாதிரியே நடந்துகாட்டி, பண்ணையார் மாதிரியே செருமிக்காட்டி, மொத்தத் தெருவையும் சிரிக்கவைப்பார். காலையில் வாங்கிய எள்ளலுக்கு ராத்திரியில் பதில் போகிறது. இலக்கணம் காலைச் சிரிப்பைத்தான் பதிவு செய்தது. ராத்திரிச் சிரிப்பைப் பதிவு செய்ய ஆள் இல்லை.

அந்த ராத்திரிச் சிரிப்பை மேலே இருப்பவர்கள் அறியாமல் இல்லை. நாட்டிய சாத்திரத்தின் தொடக்கத்தில், வேதம் கேட்கக் கூடாத சூத்திரர்களுக்கும் சேர்த்து ஐந்தாம் வேதமாக நாடகம் படைக்கப்பட்டது என்று பெருமையாக வருகிறது. அதே நூலின் கடைசியில் ஒரு கதை. பரத முனிவரின் பிள்ளைகள் நடிப்பில் தேர்ந்த பிறகு, ரிஷிகளைக் கேலி செய்து நாடகம் போடுகிறார்கள். ரிஷிகள் கோபித்து, நீங்களும் உங்கள் வம்சமும் சூத்திரர்களாகப் போங்கள் என்று சபித்துவிடுகிறார்கள். கீழே இருக்கிறவனைப் பார்த்துச் சிரித்ததற்காக எந்த ரிஷியும் யாரையும் சபித்ததாக நான் படித்ததில்லை. மேலே பார்த்துச் சிரித்தால் சாதி போய்விடும். நகைச்சுவைக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அந்தக் கதையைப் படிக்கலாம்.

*

இப்போது அழுகைக்கு வருவோம். எங்கள் பக்கம் சாவு வீட்டில் காரியத்தன்று ராத்திரி ‘கர்ண மோட்சம்’ கூத்து வைப்பது வழக்கம். விடியற்காலையில் கர்ணன் விழும்போது செத்தவரை நினைத்து வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். கூத்து எது, சாவு எது என்று பிரிக்க முடியாது. நானும் அழுதிருக்கிறேன். தேரோட்டி மகன் என்று சபையில் அவமானப்பட்டவன் கர்ணன். கட்டின பெண்டாட்டி பொன்னுருவியே பிறப்பைச் சொல்லி இளக்காரம் செய்கிறாள். இது நம்ம கதைதானே என்று நினைத்துத்தான் அழுதோம்.

ஆனால் கர்ணன் சாவில் வெளியாகிற உண்மை என்ன? அவன் குந்தி பெற்ற பிள்ளை, சத்திரியன். பொன்னுருவியின் இளக்காரம் எதனால் தப்பாகிறது? பிறப்பைச் சொல்லி இழிவு செய்வதே தப்பு என்பதனால் இல்லை. ஆளைத் தப்பாக நினைத்துவிட்டாள் என்பதனால். உயர்ந்த பிறப்புள்ள ஒருத்தனைத் தாழ்ந்தவன் என்று எண்ணிவிட்டார்களே என்பதுதான் அந்தத் துன்பியல். அப்படியானால் நிஜமாகவே தேரோட்டிக்குப் பிறந்தவன் கதி என்ன? அவனைச் சபையில் இருந்து விரட்டியது சரிதானா? எடுத்து வளர்த்த அதிரதனுக்கும் ராதைக்கும் எந்தக் கூத்தில் யார் ஒப்பாரி வைத்தார்கள்? விடிய விடிய முழித்திருந்து நாம் அழுதது ஒரு சத்திரியனுக்காக. நம்முடைய அழுகையைக்கூட அடுத்தவன் சாவுக்கு இரவல் கொடுத்திருக்கிறோம்.

கூத்துக் கலைஞர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கதை அவர்கள் கைக்கு வரும்போதே இந்த முடிச்சோடுதான் வந்தது. 2021இல் வந்த மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ படத்தைப் பார்த்தபோதுதான் முடிச்சை இப்படியும் அவிழ்க்கலாம் என்று தெரிந்தது. அந்தக் கர்ணனுக்கு மறைத்துவைத்த மேல்சாதிப் பிறப்பு கிடையாது. அந்த ஊர்க்காரன், அந்தச் சனங்களின் பிள்ளை. கடைசியில் அவன் சாகவும் இல்லை. சிறையிலிருந்து திரும்பிவந்து ஊரோடு சேர்ந்து ஆடுகிறான்.

*

நந்தனிடம் வருகிறேன். பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் ஆதனூர்க்காரர். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகும், அவர் போக முடியாது. தில்லையில் தீயில் மூழ்கி, பூணூல் போட்ட முனிவராக வெளியே வருகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பண்ணைக்கார வேதியரைச் சேர்த்தார். 40 வேலி நிலத்தை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் அந்த வேதியர். ஆண்டையும் பண்ணையாளும் மேடைக்கு வந்துவிட்டார்கள். அது பெரிய காரியம்தான். என்றாலும் முடிவு அதே தீ. ஒரே ராத்திரியில் அறுவடை முடிவதற்குச் சிவன் உதவுகிறார். கதவு திறப்பதற்கு மட்டும் எரிய வேண்டியிருக்கிறது.

இதில் என்ன விசேஷம் என்றால், இதை யாரும் துன்பியல் என்று சொல்வதில்லை. பக்திக் கதை, மங்கள முடிவு. எரிந்தவன் மோட்சம் போனான். கொலை என்று சொன்னால் கொலைகாரன் யார் என்று கேட்க வேண்டும். துன்பியல் என்று சொன்னால் யாருடைய பிழை என்று கேட்க வேண்டும். மோட்சம் என்று சொல்லிவிட்டால் ஒரு கேள்வியும் கிடையாது.

கதையில் எரிந்தது போகட்டும். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல் கூடுதலாகக் கேட்டவர்களின் பெண்டு பிள்ளைகள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்காரர்களை விடுதலை செய்தது. அவ்வளவு வசதியானவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கஷ்டம் என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கம். மேலானவர்கள் மேலான காரியமே செய்வார்கள் என்று அரிஸ்டாட்டில் நாடகத்துக்குச் சொன்ன இலக்கணம் நீதிமன்றத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது என்று இதைச் சொல்லலாம்.

இலக்கியமாவது வேறு மாதிரி பார்த்ததா? வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ நாவலை 1975இல் வெளியிட்டார். 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. அதில் நிலக்காரனின் ஆண்மைக் குறைவு கதையின் மையத்துக்கு வருகிறது. அதாவது ‘பிழை’யும் மனப்போராட்டமும் உள்ள துன்பியல் பாத்திரமாகக் கொலைகாரன் ஆகிவிடுகிறான். செத்தவர்களுக்கு மனசு இல்லை, எண்ணிக்கைதான் இருக்கிறது. கூலிக்காகவும் கொடிக்காகவும் நடந்த கொலைக்கு ஒரு தனிமனித நோய் காரணமாகிவிடுகிறது. அதே ஆசிரியர் பின்னால் ‘நந்தன் கதை’ நாடகத்தில் தீயை மேல்சாதிச் சதியாகக் காட்டினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொலையைக் கொலை என்று மேடையில் சொன்னது அந்த நாடகத்தின் பலம். எங்கள் இரவுப் பள்ளி நாடகமும் அந்த வழியில் போனதுதான். ஆனால் அங்கேயும் நந்தன் எரிகிறான். பார்க்கிற நாம் கனத்த மனசோடு வீட்டுக்குப் போகிறோம். கிழவி கேட்டது அதற்கு மேல்.

*

கிழவிக்கு முன்னாலேயே அதைக் கேட்ட ஒரு ஆள் உண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்தார். படத்துக்கு எழுதியவர் அண்ணா, காலட்சேபப் பாட்டு உடுமலை நாராயணகவி. நந்தன் கிந்தன் ஆகிறான். சிதம்பரத்துக்குப் பதில் பட்டணம், நடராசருக்குப் பதில் படிப்பு. சேரிப் பையன் படிக்க ஆசைப்படுகிறான், அடி வாங்குகிறான், ரயிலேறிப் போய்விடுகிறான். படித்து முடித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக அதே ஊருக்குத் திரும்புகிறான். காலட்சேபக்காரரின் சப்ளாக்கட்டை ரயில் சத்தமாக மாறும் இடத்தில் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

காலட்சேபம் என்பது யாருடைய வடிவம்? கோயில் மண்டபத்தில் பாகவதர் நந்தன் எரிந்த கதையைச் சொல்லிக் கண்ணீர் வரவழைக்கும் வடிவம். அந்த வடிவத்தையே எடுத்து, நந்தனைத் தீயிலிருந்து இழுத்து ரயிலில் ஏற்றிவிட்டார் கலைவாணர். ரயில் பெட்டியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் வண்டி போகும் என்பது அதில் இருக்கிற அரசியல். துன்பியலில் தீராத முடிச்சு கேலியில் தீர்ந்துவிட்டது. என் வாசிப்பில் இது தமிழில் நந்தன் கதைக்கு வந்த முக்கியமான எதிர்க்கதை. ஆனால் ஆய்வரங்குகளில் நந்தனுக்குக் கிடைக்கும் மேடை கிந்தனுக்குக் கிடைப்பதில்லை. சிரிப்புதானே என்று விட்டுவிட்டோம்.

கிந்தனுக்கும் குறை உண்டு. அதிகாரியானால்தான் மரியாதை என்கிற முடிவு அது. படிக்காத கிந்தனின் அண்ணன் தம்பிகளுக்கு என்ன வழி என்று கதை கேட்பதில்லை. படித்து அதிகாரியான பிறகும் சாதி துரத்தும் என்பதை நமக்குப் பிந்திய அனுபவம் காட்டிவிட்டது. இருந்தாலும் அவன் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருப்பவனிடம் மேற்கொண்டு பேசலாம்.

இதே வேலையை மராட்டியில் ஜோதிராவ் புலே 1855இலேயே செய்திருக்கிறார். ‘திரிதீய ரத்னா’ நாடகத்தில் ஒரு பார்ப்பனப் புரோகிதர் கர்ப்பிணியான குடியானவப் பெண்ணையும் அவள் புருஷனையும் பயமுறுத்திப் பணம் பறிக்கிறார். கூடவே ஒரு விதூஷகன் வருகிறான். சமஸ்கிருத நாடகத்து விதூஷகன் சாப்பாட்டு ஆசை பிடித்த பார்ப்பனன், அரசனுக்குத் தோழன். புலேயின் விதூஷகன் புரோகிதரின் ஒவ்வொரு சூழ்ச்சியையும் பார்வையாளருக்குப் பிட்டுப்பிட்டு வைக்கிறான். கோமாளியின் கையிலிருந்த கண்ணாடியைத் திருப்பி வைத்தார் புலே. தட்சிணைப் பரிசுக் குழு அந்த நாடகத்தை ஏற்கவில்லை. அந்தத் தம்பதியர் கடைசியில் எங்கே போகிறார்கள் தெரியுமா? இரவுப் பள்ளிக்கு.

*

சிரிப்பு எப்போதும் நம் பக்கம் என்று சொல்ல வரவில்லை. ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் பெண் வேஷம் கட்டி ஆடுகிற அப்பாவின் வேட்டியை உருவி நடுரோட்டில் ஓடவிடுகிறார்கள். துரத்துகிறவர்களுக்கு அது சிரிப்பு. நம் கூத்தின் கட்டியங்காரனையும் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டும். ராசாவையே கிண்டல் செய்கிறவன் என்று அவனைக் கலகக்காரனாகக் கொண்டாடி, பக்தினை எல்லாம் துணைக்கு அழைத்து, 90களில் நாமே நிறைய எழுதினோம். ராசாவைக் கிண்டல் செய்கிற அதே வாயால் அவன் பொம்பளைகளை, நொண்டியை, குருடனை, தனக்கும் கீழே என்று நினைக்கிற சாதிக்காரர்களைக் கிண்டல் செய்வதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நம் தெருவிலேயே வண்ணாரப் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி பேசாத வீடு உண்டா?

அதனால்தான் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) வந்தபோது நம்மில் பலருக்குச் சுருக்கென்றது. புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியத்தின் அழுகைக்குக் காரணமான இடத்தில் நாமே நிற்கிறோம். இந்த நேரத்தில் இது தேவையா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது அது தேவைதான் என்று நினைக்கிறேன். அழுகையும் நமக்குத் தேவை. விதி என்று முடியாமல், ஆளைக் காட்டுகிற அழுகையாக இருந்தால்.

சிரிப்பிலும் அப்படிப்பட்ட எழுத்து நம்மிடம் இருக்கிறது. பாமாவின் ‘அண்ணாச்சி’ கதையில் ஒரு தலித் இளைஞன் நிலக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிடுகிறான். அவ்வளவுதான், ஒரு உறவுச்சொல். யாரும் எரியவில்லை, ஊரே ஆடிப்போகிறது. ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) தன்னையே கேலி செய்துகொண்டு போகும். பேராசிரியர் உரை சொன்ன இரண்டாவது சிரிப்பு அதில் முழு நாவலாக விரிந்திருக்கிறது. தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவனை அடுத்தவன் சிரித்து வீழ்த்த முடியாது என்பதை 2024இல் மறைந்த அந்த மனுஷர் கடைசிவரை காட்டினார்.

கடைசியாக மாணவர்களுக்கும் புதிதாக எழுதுகிற தோழர்களுக்கும் ஒன்று. எனக்குப் படிக்கக் கொடுக்கப்படும் கதைகளிலும் நாடகங்களிலும் பாதிக்கு மேல் கடைசிப் பக்கத்தில் ஒரு சாவு இருக்கிறது. தண்டவாளத்தில், கிணற்றில், மரத்தில். வெளியே அப்படித்தானே நடக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வெளியே நடப்பது கொலை. நீங்கள் எழுதுகையில் அது சில சமயம் சோகமாக மாறிவிடுகிறது. சோகத்துக்குக் கைதட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். கொலைக்குச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் குறைவு.

எங்கள் ஊர்க் கிழவி இப்போது இல்லை. அவள் காரியத்துக்கும் கர்ண மோட்சம்தான் வைத்தார்கள். அந்த ராத்திரி நான் அழுதது கர்ணனுக்காக இல்லை. கடைசிப் பக்கம் எழுதுவதற்கு முன்னால் அவள் கேட்டதை ஒருதரம் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பிள்ளை இன்னாத்துக்கு நெருப்புல பூரணும்? பதிலில் ஒரு ஆளின் பேர் இருந்தால் அந்தப் பேரோடு எழுதுங்கள். பேர் சொல்ல முடியவில்லை என்றால், பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுங்கள்.